வெள்ளை ஜன்னல்

அத்தியாயம் 9

மணி மூன்று. ஐந்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வருவார். அதற்குள் லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்று அவனுடைய கம்பெனி காத்திருந்தது. போட்டால் அவன் வாழ்க்கை முடிந்தது என்று அவனுடைய அக்கா எங்கள் துப்பறியும் ஆபீஸில் வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள். இரண்டுக்கும் நடுவில் நானும் மேடமும் விபத்து நடந்த கட்டடத்து வாட்ச்மேனின் மடக்கு நாற்காலிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நடந்தது இதுதான். இந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கடை வைத்திருக்கும் தையல்காரர், ஒரு கையில் துணி மூட்டையை அணைத்துக்கொண்டு மறு கையால் லிஃப்ட் கதவை இழுத்தார். கதவு திறந்தது. தினமும் வைப்பதுபோலக் காலை உள்ளே வைத்தார். லிஃப்ட் அங்கே இல்லை. கீழே விழுந்தவர் இன்னும் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை.

லிஃப்ட் வந்து நிற்காமல் கதவு திறக்கக் கூடாது. அதற்குத்தான் பாதுகாப்புப் பூட்டு என்று ஒன்று இருக்கிறது. அன்று காலை பதினொன்று இருபதுக்கு அந்தப் பூட்டை யாரோ அணைத்திருக்கிறார்கள். கம்பெனி ரிகார்டில் இருப்பது அந்த ஒரு வரிதான். மறுபடி போட்டதாக வரி இல்லை. அணைத்தது ஏழாம் நம்பர் கைக்கணினி. அதை வைத்திருப்பவன் அந்த மெக்கானிக். அவனோ மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை.

"படம் எடுப்பீங்களாமே?" என்று வாட்ச்மேனைக் கேட்டார் மேடம்.

"ஆமாங்க. கம்பெனி ஆளு பொட்டியை எடுத்தாலே நான் திரையைப் படம் புடிச்சு வச்சுக்கணும். போன வருஷம் வந்தேன், வரலன்னு ஒரு தகராறு. அதுலேர்ந்து ஓனர் உத்தரவு." பொட்டி என்றால் கைக்கணினி. லிஃப்ட்டோடு கம்பி போட்டு இணைத்து, உள்ளங்கையில் வைத்துத் தட்டுகிற சமாச்சாரம்.

"போலீஸ்கிட்ட காட்டலையா?"

"யாரும் கேக்கல. நானும் குடுக்கல."

"உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா எங்க தொழில் அமோகமா நடக்கும்" என்றேன் நான். மேடம் என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன். எனக்கு வயது நாற்பத்தொன்று, மேடம் எனக்கு வைத்த பெயர் லொள்ளு. காரணம் கேட்க வேண்டாம்.

வாட்ச்மேனின் செல்போனில் இரண்டு படங்கள் இருந்தன. முதலாவது, பதினொன்று இருபது. அதில் பூட்டு அணைந்திருந்தது, சிவப்பு விளக்கு. இரண்டாவது, பதினொன்று நாற்பது. அதில் பூட்டு போடப்பட்டிருந்தது, பச்சை விளக்கு.

"போட்டுட்டான் மேடம்! ரெண்டாவது படத்துல பூட்டு இருக்கு!"

மேடம் இரண்டு படங்களையும் தன் செல்போனுக்கு அனுப்பிக்கொண்டார். துப்பறியும் நிபுணர் ஆவதற்கு முன் பதினைந்து வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் அவர். எதிரே இருப்பவர் பொய் சொல்கிறாரா என்று பார்ப்பதற்கு முன்னால் அவருக்கு எத்தனை பவர் என்று பார்த்துவிடுவார். இப்போது இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பெரிதாக்கினார்.

"லொள்ளு, எழுத்தைப் பாரு."

பார்த்தேன். முதல் படத்தில் அந்த ஆப் வெள்ளை வெளேரென்று இருந்தது. எழுத்து எறும்பு சைஸ். இரண்டாவது படத்தில் அதே ஆப், அதே சுவிட்ச், ஆனால் முழுக்கக் கறுப்பு. எழுத்து தாராளமாக, தூரத்திலிருந்தே படிக்கும் அளவுக்கு இருந்தது.

"அந்த இருபது நிமிஷத்துல என்னங்க நடந்துச்சு?" என்று வாட்ச்மேனைக் கேட்டார்.

"அஞ்சாவது மாடி கிளினிக்லேர்ந்து இறங்கின ஒரு வீல்சேர் அம்மா உள்ள மாட்டிக்கிட்டாங்க. கதவு இறுகிப்போச்சு. ஒரே சத்தம், கூட்டம். நீலச் சட்டைக்காரர் ஒருத்தர் பொட்டியத் தட்டிக் கதவைத் திறந்து வெளிய எடுத்தாரு. நான் திரையைத்தான் படம் புடிச்சேன், மூஞ்சியப் பாக்கலீங்க. எல்லாரும் அந்தம்மா மூஞ்சியத்தான் பாத்துட்டிருந்தோம்."

"கம்பெனியில எல்லாருக்கும் நீலச் சட்டைதானே?"

"மேனேஜருக்கும் அதாங்க."

எனக்கு உள்ளுக்குள் பல்பு எரிந்தது. திரை வேறு வேறு என்றால், அணைத்தவன் வேறு, போட்டவன் வேறு!

* * *

கம்பெனி ஆபீஸ் இரண்டு தெரு தள்ளி, நாலாவது மாடியில். கீழே லிஃப்ட் பட்டனை அமுக்கிவிட்டுக் கைப்பிடியை இழுத்தேன். லிஃப்ட் இன்னும் மேலேயிருந்து முனகிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. கதவு அதற்கு முன்பே திறந்துகொண்டது.

"பாருங்க மேடம், வர்றதுக்கு முன்னாடியே கதவைத் திறந்து வரவேற்கறாங்க. லிஃப்ட் கம்பெனின்னா சும்மாவா!"

மேடம் நெற்றியைச் சுருக்கினார். என்னவோ சொல்ல வந்தார். அதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது, ஏறிவிட்டோம்.

மெக்கானிக்கின் அக்கா நாலாவது மாடி வராந்தாவிலேயே நின்றுகொண்டிருந்தாள். இந்தக் கம்பெனியில்தான் அவளுக்கும் வேலை. மெக்கானிக்குகளின் கைக்கணினிகளைத் தயார்செய்து கொடுப்பது, கெட்டால் சரிசெய்வது. தூங்காத கண்கள். கையில் ஏழாம் நம்பர் பொட்டி. அடுத்த அறைக் கதவைக் காட்டி, "ஸ்டோர் ரூம்ல உக்கார வச்சிருக்காங்க மேடம். காலையிலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கல" என்றாள்.

நான் முந்திக்கொண்டேன். "கவலைப்படாதீங்க, உங்க தம்பி தப்பிச்சாரு! பூட்டை அணைச்சது வேற ஆளு. படத்துல கலரே வேற. உங்க மேனேஜர் அவர் லாகின் கணக்குல போய் அணைச்சிருக்காரு, உங்க தம்பி பாவம் திரும்பப் போட்டிருக்காரு!"

அவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். மூன்று நாளில் முதல்முறையாக மூச்சு விட்டதுபோல இருந்தது. கைகூப்பிவிட்டாள் என்னைப் பார்த்து. அந்தக் கும்பிடு எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

மேடம் மெதுவாகச் செல்போனை நீட்டினார். "நீங்களே பாருங்கம்மா. ஏன் ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கறுப்பு?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவளுடைய தொழில் அல்லவா.

"இது லினக்ஸ்ல ஓடற பொட்டிங்க. ஒவ்வொரு கணக்குக்கும் உள்ள தனித்தனியா ஒரு வீடு இருக்கும். அந்த ஃபோல்டருக்குப் பேரே ஹோம்தான். ஆப் ஒண்ணுதான், ஆனா யாரு திறக்கறாங்களோ அவங்க வீட்டுக்குள்ள போய், என்ன கலரு, எழுத்து எவ்வளவு பெருசுன்னு பாத்துட்டுத்தான் அது வெளிய வந்து நிக்கும். லிஃப்ட் குழிக்குள்ள இருட்டுல வெள்ளைத் திரை கண்ணைக் குத்துதுன்னு சொன்னாங்க. அதனால மெக்கானிக்குங்க வீட்டுக்கெல்லாம் நான்தான் கறுப்பு அடிச்சு, எழுத்தைப் பெருசு பண்ணி வச்சேன். அட்மின் வீட்டுக்கு, அதாவது சார் கணக்குக்கு, யாரும் எதுவும் அடிக்கல. வந்தப்ப இருந்த அதே வெள்ளை. அதனால அட்மினாத் திறந்தா அந்த ஜன்னல் மட்டும் வெள்ளையா வரும். பொட்டி கெட்டுப்போகல, வேற வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கறோம், அவ்வளவுதான்."

"அந்த ஜன்னல் மட்டும்தானா?"

"ஆமாங்க, மட்டும்…" அவள் விரல் படத்தில் நின்றது.

வெள்ளை ஜன்னலுக்கு மேலே, மணி காட்டுகிற ஒல்லியான பட்டை. அது கறுப்பு. எழுத்து பெரிது.

"மேனேஜர் தன் கணக்குல நுழைஞ்சிருந்தா பட்டையும் வெள்ளையா இருக்கணும், இல்லையா?" என்றார் மேடம். "இது மெக்கானிக்கோட வீடு. அதுக்குள்ளேர்ந்துகிட்டே அந்த ஒரு ஆப்பை மட்டும் அட்மின் பாஸ்வேர்டு போட்டுத் திறந்திருக்காங்க."

"சார் வந்து பாஸ்வேர்டு போட்டுக் குடுத்திருக்கலாம்ல?" என்றேன்.

"இருக்கலாம். ஆனா எனக்கு வேற ஒண்ணு தெரியணும்." மேடம் அவள் தோளில் கை வைத்தார். "வீடு, கலரு, எட்டிப் பாக்கறதுன்னு எவ்வளவு அழகாச் சொன்னீங்க. எங்கயும் தடுக்கல. ஏற்கெனவே யாருக்கோ சொன்ன மாதிரி இருந்துச்சு. யாருக்கும்மா?"

அவள் செல்போனை மேடமிடமே திருப்பி நீட்டினாள்.

"மெக்கானிக்குங்க எப்பவும் கறுப்பைத்தான் பாப்பாங்க. மேனேஜர் எப்பவும் வெள்ளையைத்தான் பாப்பாரு. ஒரே ஆப் ஏன் ரெண்டு கலர்ல வருதுன்னு சந்தேகம் வரணும்னா, ரெண்டையும் பாத்திருக்கணும். யாரு கேட்டாங்க?"

"தம்பி." என்றாள். "போன மாசம். சாப்பிடறப்போ கேட்டான். ‘அக்கா, அதே ஆப் சில நேரம் ஏன் வெள்ளையா வருது’ன்னு. நான் பெருமையா உக்காந்து விளக்கம் சொன்னேன் மேடம்."

கொடுத்த நம்பிக்கையை நானே திரும்ப வாங்கிக்கொண்டதுபோல இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பாஸ்வேர்டு எத்தனை பேருக்குத் தெரியும்?"

"சாருக்கும் எனக்கும்தான். வச்சது நான். எல்லாப் பொட்டிக்கும் ஒண்ணே போதும்னாரு சார். அவனுக்கு நான் சொல்லவே இல்ல மேடம், சத்தியமா!"

"சொல்லியிருக்க வேண்டாம். என்ன பாஸ்வேர்டு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சுண்டெலி" என்றாள். "சின்ன வயசுலேர்ந்து நான் மட்டும் அவனைக் கூப்பிடற பேரு."

* * *

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்தார். இஸ்திரி கலையாத நீலச் சட்டை, கையில் அந்தக் காகிதம். "இன்னும் பேசிட்டே இருக்கீங்களா? பூட்டை அணைச்சேன், திரும்பப் போடலன்னு எழுதியிருக்கறதுல ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சது. எப்படி அணைச்சான்னு அப்புறம் பாத்துக்கலாம்."

மேடம் ஏழாம் நம்பர் பொட்டியை வாங்கி, சாதாரணமாக அந்த ஆப்பைத் திறந்தார். கறுப்பு ஜன்னல். "ஒரு சந்தேகம் சார். இந்தப் பூட்டு சுவிட்ச், மெக்கானிக் கணக்குலயும் இருக்கே. வேலை செய்யுமா?"

"செய்யாது மேடம். தட்டினா கலர் மாறும், அந்தக் கணக்குலயே பதிஞ்சு கிடக்கும், அவ்வளவுதான். லிஃப்ட் அட்மின் வீட்டுல என்ன எழுதியிருக்கோ அதைத்தான் கேக்கும்."

"மெக்கானிக்குங்களுக்கு இது தெரியுமா?"

"அவங்களுக்கு எதுக்கு? பூட்டு சமாச்சாரமே அவங்க தொடக் கூடாது. யாராவது மாட்டிக்கிட்டா எனக்கு ஃபோன் பண்ணணும், நான் வந்து திறக்கணும். அதான் ரூல்."

"வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஊர் முழுக்கச் சுத்திட்டிருப்பேன். ஒண்ணு, ஒன்றரை மணி நேரம்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

மேடம் ஸ்டோர் ரூம் கதவைத் தள்ளினார்.

ஒயர் சுருள்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் அவன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அந்தப் பாஸ்வேர்டை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார் மேடம் எடுத்த எடுப்பில்.

ஸ்டூலில் திரும்பி உட்கார்ந்தான். பிறகு ஒயர் சுருளைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அக்கா எதுக்கு எடுத்தாலும் அதைத்தான் வைப்பா. முதல் தடவையே திறந்துச்சு. போன மாசம் பர்னிச்சர் கடை லிஃப்ட்ல மாட்டினவரு மூச்சு விட முடியாம கதவைத் தட்டிட்டே இருந்தாரு. ஒன்றரை மணி நேரம் எப்படிங்க நிக்கறது? அதுக்கப்புறம் எங்க மாட்டினாலும் அப்படியே பழகிடுச்சு."

"ஏன்டா சொல்லல?" அக்காவுக்குக் குரல் உடைந்தது. "மூணு நாளாக் கேக்கறேனே!"

"சொன்னா பாஸ்வேர்டு எப்படிடா தெரியும்னு கேப்பாங்க. உன் வேலை போயிடும். ஏற்கெனவே ஒரு ஆளு விழுந்தாச்சு. உன்னையும் தள்ளி விடணுமா?"

கதவருகே நின்ற மேனேஜர் வாயைத் திறந்தார். மேடம் கையைக் காட்டியதும் மூடிக்கொண்டார்.

"ஆனா மேடம், நான் திரும்பப் போட்டேன்" என்றான் தம்பி. "வெள்ளை ஜன்னல் அஞ்சு நிமிஷத்துல தானா மூடிடும். அந்தம்மாவ வெளிய எடுத்துட்டு, அணைக்கத்தானே பாஸ்வேர்டு வேணும்னு நெனச்சு, ஆப்பைச் சாதாரணமா மறுபடி திறந்து போட்டேன். பச்சையாச்சு. மூணு நாளா எனக்கே சந்தேகமா இருக்கு, பாத்தேனா இல்ல பாத்த மாதிரி நெனச்சுக்கிட்டேனான்னு."

மேடம் இரண்டாவது படத்தை அவன் முன்னால் வைத்தார். "பாத்தீங்க. பச்சைதான்."

அவன் அந்தப் படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"ஆனா அது உங்க வீட்டுப் பச்சை" என்றார் மேடம் தணிந்த குரலில். "கறுப்பு ஜன்னல்ல போட்டது உங்க கணக்கோட நின்னுடும். அட்மின் வீட்டுல அது அணைஞ்சேதான் கிடந்துச்சு. உங்களுக்கு யாரும் சொல்லல."

அவன் அழுகை நின்றது. கண்ணாடி போட்ட புதிதில் பார்ப்பவர்கள் மாதிரி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"இப்ப யோசிச்சுச் சொல்லுங்க. இது மாதிரி எத்தனை தடவை?"

"பர்னிச்சர் கடை ஒண்ணு" என்று விரல் மடக்கினான். "பல் ஆஸ்பத்திரி ரெண்டு. பள்ளிக்கூடம் மூணு…" நாலாவது விரல் பாதியில் நின்றது. முகம் வெளுத்துப்போயிற்று. "மேடம், இங்க. இந்தக் கட்டடம்."

எனக்குக் கீழே பார்த்த கதவு ஞாபகம் வந்தது. வர்றதுக்கு முன்னாடியே வரவேற்கறாங்க என்று பல்லைக் காட்டியது நான்தான்.

மேடம் விறுவிறுவென்று வராந்தாவுக்கு நடந்தார். பின்னால் எல்லோரும் ஓடினோம். லிஃப்ட் கீழ்த்தளத்தில் இருப்பதாக மேலே நம்பர் எரிந்தது. மேடம் பட்டனைத் தொடவில்லை. மேனேஜரைப் பார்த்துக்கொண்டே கைப்பிடியை இழுத்தார்.

கதவு ஒரு முனகல்கூட இல்லாமல் திறந்தது. உள்ளே லிஃப்ட் இல்லை. நாலு மாடி ஆழத்துக்கு இருட்டும், நடுவில் லேசாக ஆடிக்கொண்டிருந்த கம்பிகளும்தான் இருந்தன. கீழேயிருந்து கிரீஸ் வாசனையோடு குளிர்ந்த காற்று வந்தது.

"காலையில இதுலதான் வந்தேன்" என்றார் மேனேஜர். கால் தானாக இரண்டடி பின்னால் போயிற்று.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். குரலில் இப்போது நடுக்கம் இல்லை. "பாஸ்வேர்டு சுண்டெலி சார். வச்சது நான். இவன் பேரு அது. இன்ஸ்பெக்டர்கிட்டயும் நானே சொல்றேன்." பொட்டியைத் தம்பியிடம் நீட்டினாள். "போடுடா. வெள்ளையில போடு."

அவன் கம்பியைச் செருகினான். அவசரத்தில் பாஸ்வேர்டை இரண்டு முறை தப்பாக அடித்தான். மூன்றாவது முறை வெள்ளை ஜன்னல் வந்தது. அதில் பூட்டு சிவப்பாக, போன மாதத்திலிருந்து அணைந்தே கிடந்தது. தட்டினான். மேடம் கதவைச் சாத்தியதும் உள்ளே டக் என்றது. நான் கைப்பிடியில் தொங்கி இழுத்தேன். அசையவில்லை.

மேனேஜர் கையிலிருந்த காகிதத்தை அவன் வாங்கினான். எழுதியிருந்ததைப் படிக்கவே இல்லை. திருப்பி, வெற்றுப் பக்கத்தில் மூன்று விலாசங்களை எழுதினான். பர்னிச்சர் கடை, பல் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம். இங்கெல்லாம் பூட்டு அணைந்திருக்கிறது, அணைத்தது நான், போட்டதாக நினைத்ததும் நான் என்று அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். மூன்று நாளாகக் கேட்ட கையெழுத்து. இப்போது அதைக் கையில் வாங்க மேனேஜருக்குத் தைரியம் இல்லை.

மேடமே வாங்கி ஃபோனை எடுத்தார். பர்னிச்சர் கடையில் உடனே எடுத்தார்கள். பல் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் பதறிப்போய், ஆளை நிறுத்துகிறேன் என்றாள். பள்ளிக்கூடத்தில் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"எத்தனை மணிக்கு விடுவாங்க?"

"நாலு" என்றான் தம்பி. "அடுத்த தெருதான்."

மணி மூன்று ஐம்பது. "லொள்ளு, ஓடு!" என்றார் மேடம்.

நான் படிக்கட்டில் பாய்ந்தேன். எனக்கு முன்னால் பொட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவன் ஓடினான். எனக்குப் பக்கத்தில் அக்கா, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சிரைக்க அவள் சொன்னது அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் கேட்டது.

"அவன் கேட்ட அன்னிக்கே, ‘உனக்கு எப்படிடா அது வெள்ளையாத் தெரிஞ்சுது’ன்னு நான் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தா, அந்தத் தையல்காரர் இந்நேரம் கடையில உக்காந்து தைச்சிட்டிருப்பாரு, இல்ல?"

நான் அவள் கையிலிருந்த செருப்பை வாங்கிக்கொண்டேன். இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினேன்.